மரணத்திற்குப் பின்: டேவிட் ஹியூமின் மறுப்பும் நமது பிரசங்க மேடைகளும்

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமச் சபையில் மரணத்தைக் குறித்துப் பிரசங்கித்தபோது, பிரெஞ்சு அறிஞர் வால்டேர் தமது மரணப்படுக்கையில் நரகத்தைக் கண்முன் கண்டு அலறி மாண்டார் என்னும் கதையை நாம் எடுத்துரைத்தோம். பிரசங்க எடுத்துக்காட்டுகள் அடங்கிய பழைய தொகுப்பொன்றிலிருந்து அதனைப் பெற்றிருந்தோம். சபையார் ஆழ்ந்த அமைதியோடு கேட்டனர். ஆராதனை முடிந்தபின் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயரவர்களே, அவர் அலறியதை யார் பார்த்தார்கள்?" என்று கேட்டார். நாம் விடை தேடுமுன் அவரே தொடர்ந்தார்: "எங்கள் அண்ணன் ஞானஸ்நானம் பெற்றவர்தாம். ஆனால் வாலிபத்திலேயே சபையை விட்டுச் சுயமரியாதை இயக்கத்துக்குப் போய்விட்டார். போன தை மாதம் இறந்தார். கடைசிவரை கடவுள் இல்லை, செத்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். அவர் நடுங்கவில்லை ஐயா. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்."

அன்று நாம் ஏதோ மழுப்பிவிட்டுத் திரும்பினோம். ஆயினும் அக்கேள்வி நம்மை விடவில்லை. தேடிப் பார்த்தபோது, 1778 மே 30 அன்று பாரிசில் நிகழ்ந்த வால்டேரின் மரணத்தைக் குறித்த சாட்சிகள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டோம். அவர் மனஅமைதியின்றி இருந்தார் என்று எழுதிய மருத்துவர் உண்டு. ஆனால் நாம் மேடையில் வருணித்த நரகக் காட்சி அவருடைய பகைவர்களின் எழுத்துக்களில் வளர்ந்தது. டார்வினைப் பற்றிய கதையோ இதனினும் இழிந்தது. 1882-இல் இறந்த டார்வின், தம் இறுதி நாட்களில் வேதத்தைக் கையிலேந்தித் தம் கொள்கைக்காக வருந்தினார் என்று ஹோப் சீமாட்டி என்பவர் கூறியதாக 1915-இல் அமெரிக்கப் பாப்திஸ்து இதழொன்று வெளியிட்டது. டார்வினின் மகள் ஹென்ரியெட்டா, தாம் தந்தையின் மரணப்படுக்கையருகே இருந்ததாகவும் அச்சீமாட்டி அங்கு வரவேயில்லை என்றும் 1922-இல் மறுத்தெழுதினார். நூறாண்டுகள் கடந்தும் அக்கதை நம் மேடைகளை விட்டு இறங்கவில்லை. பொய்ச்சாட்சியை விலக்கும் கற்பனை, இறந்துபோன அவிசுவாசிகளின் காரியத்தில் செல்லாது என்று எந்த வேதபாரகனும் இதுவரை கூறியதில்லை.

இக்கதைகள் உண்மைக்கு மாறானவை என்பது ஒரு குற்றம். அவற்றால் நேரும் மற்றொரு கேடும் உண்டு. நாத்திகன் மரணத்தில் நடுங்கியே தீரவேண்டும் என்று நாம் முடிவு செய்துவிட்டால், மரணத்திற்குப் பின் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதைக் குறித்து அவன் உண்மையில் என்ன சொல்கிறான் என்று கேட்கவேண்டிய தேவை நமக்கு இல்லாமற்போகிறது. கேளாத ஒன்றுக்கு மறுமொழி கூறுவதெங்ஙனம்?

கடவுள் மறுப்பும் மறுமை மறுப்பும் ஒன்றே என்று நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. சமணமும் பௌத்தமும் உலகைப் படைத்த கடவுளை ஏற்பதில்லை. மறுபிறப்பையோ உறுதியாக ஏற்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மெய்யியல் கற்பித்த மக்டாகர்ட் கடவுளை மறுத்தவர். ஆயினும் மனிதர் அழிவதில்லை என்று வாதிட்டார். மணிமேகலையில் சமயக்கணக்கர் திறம் கேட்ட காதையைக் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். பூவும் வெல்லமும் கலக்கக் கள்ளின் களிப்புப் பிறப்பதுபோலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் அதுவும் போகிறது என்பான் அங்கே பூதவாதி. அவனை மறுப்பவள் கடவுளை நம்பும் ஒருத்தியல்லள், பௌத்த நெறி நின்ற மணிமேகலையே. காட்சியன்றி வேறு பிரமாணமில்லை என்றவனை நோக்கி, உன் தந்தையும் தாயும் இன்னாரென்பதை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்கும் கேள்வியின் கூர்மையை நம் தமிழ்ப் போதகர்கள் அதிகம் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. நிற்க. இன்று நாத்திகர் எனப்படுவோருள் பெரும்பாலார் பூதவாதியின் பக்கத்தவரே. இறப்போடு உணர்வு ஒழிகிறது. உடல் இயற்கைக்குத் திரும்புகிறது. எஞ்சுவன செய்த செயலின் பயனும் பிறர் நினைவும் மட்டுமே என்பர். இக்கொள்கையுடையார் ஒருவரின் மரணம் பற்றி நமக்கு நம்பத்தக்க சாட்சி வேண்டுமாயின், நாம் செல்லவேண்டிய இடம் 1776-ஆம் ஆண்டின் எடின்பரோ நகரம்.

டேவிட் ஹியூமை நாத்திகர் என வகுப்பது சரியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கடவுள் இல்லை என்று அவர் திட்டவட்டமாக எழுதியதில்லை. பாரிசில் ஹோல்பாக் பிரபுவின் விருந்தில், தாம் நாத்திகர் எவரையும் கண்டதில்லை என்று ஹியூம் கூற, இம்மேசையைச் சுற்றியிருக்கும் பதினெண்மரில் பதினைவர் நாத்திகரே என்று பிரபு விடையளித்ததாகத் திதரோ எழுதியிருக்கிறார். ஆனால் மறுமையைப் பொறுத்தவரை ஹியூமிடம் தயக்கம் எதுவும் இருந்ததில்லை.

1775-இல் தொடங்கிய வயிற்று நோய் முற்றி, தமக்குக் குணமில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1776 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஆலயத்திற்குச் செல்ல நேரங்கடந்துவிட்டதால், ஜேம்ஸ் பாஸ்வெல் அவரைக் காணச் சென்றார். ஆலயத்திற்குப் பிந்தியவர் அவிசுவாசியின் வீட்டிற்குச் சென்றதில் ஒரு வேடிக்கை உண்டு. மெலிந்து மண்ணிறமாகியிருந்த ஹியூம் தனியே அமர்ந்திருந்தார். அவர் முன்னே ஒரு நூல் கிடந்தது: ஜார்ஜ் கேம்பெல் இயற்றிய சொல்லாட்சிக் கலை நூல். இக்கேம்பெல் யாரெனில், அற்புதங்களைக் குறித்த ஹியூமின் கட்டுரைக்கு 1762-இல் மறுப்பெழுதிய ஸ்காத்லாந்துப் போதகரே. சாகுந்தறுவாயில் தம்மை எதிர்த்த போதகரின் புதிய நூலைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்த அம்மனிதரை நாம் மதிக்காமலிருக்க இயலாது. நம்மை மறுத்தெழுதியவர்களின் நூல்களில் எத்தனை நம் மேசைமேல் உள்ளன?

பாஸ்வெல் பேச்சை மறுமையின் பக்கம் திருப்பினார். லாக்கையும் கிளார்க்கையும் படிக்கத் தொடங்கிய நாள்முதல் தமக்குச் சமய நம்பிக்கை இருந்ததில்லை என்றார் ஹியூம். கிளார்க் கடவுள் உண்டென்பதை நிறுவ நூல் எழுதியவர் என்பதை நம் மாணவர் நினைவில் வைப்பாராக! மறுமை இருக்கக்கூடுமல்லவா என்று பாஸ்வெல் வற்புறுத்தினார். நெருப்பிலிட்ட கரித்துண்டு எரியாமலிருப்பதும் கூடும்தான் என்று விடை வந்தது. இல்லாமற்போவோம் என்னும் எண்ணம் வருத்தவில்லையா என்றதற்கு, பிறப்பதற்கு முன் இல்லாதிருந்தது எவ்வளவு வருத்துகிறதோ அவ்வளவே என்று, உரோமப் புலவர் லுக்ரேத்தியுஸின் வாதத்தைச் சுட்டினார். கலங்கியவர் பாஸ்வெல்லே. தாயார் கற்பித்த பக்தியைத் தம் நெஞ்சில் தேடியதாக அவர் எழுதியிருக்கிறார். இக்குறிப்பை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் அது அச்சேறியது. வெளியிட எண்ணாத குறிப்பு என்பதாலும், எழுதியவர் ஹியூம் அஞ்சுவதைக் காணவே விரும்பிச் சென்றவர் என்பதாலும், அச்சாட்சியை நாம் நம்பலாம்.

ஹியூம் 1776 ஆகஸ்ட் 25 மாலை நான்கு மணியளவில் இறந்தார். இறுதிவரை பொறுமையிழந்த சொல் ஒன்றும் அவர் வாயில் வரவில்லை என்று மருத்துவர் ஜோசப் பிளாக் மறுநாளே ஆடம் ஸ்மித்துக்கு எழுதினார். அதனைத் தம் கடிதத்தில் சேர்த்து ஸ்மித் வெளியிட்டார். அக்கடிதத்தில், இறந்தோரைப் படகேற்றும் கேரோனிடம் என்ன சாக்குச் சொல்லித் தவணை கேட்கலாம் என்று ஹியூம் நகைச்சுவையாகப் பேசியதும், மனித பலவீனம் இடங்கொடுக்கும் அளவுக்கு ஞானமும் நற்பண்பும் நிறைந்தவர் அவர் என்னும் புகழுரையும் இடம்பெற்றன. விளைவு? அதே ஆண்டு வெளியான தமது பெருநூலில் பிரித்தானிய வணிக முறை முழுவதையும் தாக்கியதற்குக் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு வசவு இந்த ஒரு தாளுக்குக் கிடைத்தது என்று ஸ்மித் பின்னர் எழுதினார்.

வசைபாடியவர்களுள் முதன்மையானவர் ஆக்ஸ்போர்டில் மாக்டலென் கல்லூரித் தலைவராயிருந்து, பின்னர் நாரிச் பேராயரான ஜார்ஜ் ஹார்ன். கிறிஸ்தவர் எனப்படும் மக்களில் ஒருவன் என்று மட்டும் ஒப்பமிட்டு 1777-இல் ஸ்மித்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். நாத்திகத்தை மனச்சோர்வுக்கும் மரண பயத்திற்கும் மருந்தாக விற்கப் பார்க்கிறீர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. டாக்டர் ஜாண்சன் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஹியூம் அஞ்சவில்லை என்பதே பொய், அஞ்சாதவர்போலத் தோன்றவேண்டும் என்னும் வீண்பெருமை என்றார். ஜாண்சன் தம் வாழ்நாளெல்லாம் மரணத்திற்கு அஞ்சி வாழ்ந்த பக்திமான் என்பதை நாம் அறிவோம். தமக்கில்லாத அமைதி ஓர் அவிசுவாசிக்கு வாய்த்ததை அந்நல்லவரால் பொறுக்க இயலவில்லை.

ஹார்னிடம் பாதி நியாயம் உண்டு. ஒருவர் அமைதியாக இறந்தார் என்பது அவர் கொள்கைக்குச் சான்றாகாது. ஸ்மித்தின் கடிதம் அப்படி ஒரு தொனியை எழுப்பத்தான் செய்கிறது. ஆனால் அதே அளவுகோலால், ஒருவர் நடுங்கி இறந்தார் என்பதும் அவர் கொள்கைக்கு எதிர்ச்சான்றாகாது. ஹார்ன் இதனைக் காணவில்லை. நாமும் அந்தப் பிரசங்க நாளில் காணவில்லை. அன்றியும் கெத்செமனேயில் வியர்வை சிந்திக் கலங்கி நின்றவரை ஆண்டவர் என்போர், மரணத்தின்முன் கலங்காமையை மெய்ச்சமயத்தின் முத்திரையாகக் கொள்ளலாமோ? ஆஸ்கார் குல்மான் 1955-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய சொற்பொழிவில், நஞ்சுண்டு அமைதியாக இறந்த சாக்ரடீசையும் மரணத்தின்முன் துயருற்ற இயேசுவையும் ஒப்பிட்டு நமக்குக் காட்டியது இதனையே. அமைதியைக் கொண்டு அளப்பதாயின் ஹியூம் சாக்ரடீசின் பந்தியில் அமர்வார். சிலுவையில் கதறியவருக்கு அங்கே இடமில்லை.

இனி ஹியூமின் வாதங்களை நோக்குவோம். ஆத்துமாவின் அழியாமை குறித்த அவருடைய கட்டுரை 1755 அளவில் எழுதப்பட்டு, அச்சான பின்னும் நிறுத்திவைக்கப்பட்டு, அவர் இறந்தபின் 1777-இல் வெளிவந்தது. குழந்தையின் மனம் உடலைப் போலவே மென்மையாக இருக்கிறது. நோயிலும் முதுமையிலும் இரண்டும் ஒன்றாகவே தளர்கின்றன. ஆகவே ஒன்றின் முடிவு மற்றதன் முடிவே என்பது அதன் வலிமைமிக்க பகுதி. இது நம் பூதவாதியின் வாதமே. மூளையைப் பற்றிப் பின்வந்த அறிவு இதற்கு வலுக் கூட்டியிருக்கிறதேயன்றிக் குறைக்கவில்லை. இதைக் கேட்டுப் பதறும் போதகர், தாம் காத்து நிற்பது திருமறையின் போதனையையா பிளேட்டோவின் போதனையையா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நன்று. மனிதன் மண்ணுக்குத் திரும்புகிறான் என்பது ஆதியாகமத்தின் கூற்று. மனிதனுக்கும் மிருகத்துக்கும் நேரிடுவது ஒன்றே என்று ஹியூமுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரசங்கி கூறிவிட்டான் (பிரசங்கி 3:19-20). மரித்தவர்கள் கர்த்தரைத் துதிப்பதில்லை என்னும் துயரம் 6, 88, 115 ஆம் சங்கீதங்களில் ஒலிக்கிறது. பவுலும் அழியாமை நம்முள் இயல்பாக உள்ளதென்று கூறவில்லை, அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ளவேண்டும் என்றே எழுதுகிறார் (1 கொரி. 15:53). தரித்துக்கொள்வது என்பது நம்மிடம் இல்லாததை அல்லவா? ஆகவே ஹியூமின் அம்பு பிளேட்டோவின் மார்பில் தைக்கும் அளவுக்குப் பவுலின் மார்பில் தைப்பதில்லை. இவ்வளவால் அவரை நம் கட்சிக்கு இழுத்துவிட்டோம் என்று எவரும் மகிழவேண்டாம். அற்புதத்தை மறுத்தவர் உயிர்த்தெழுதலையும் மறுத்தவரே. நம் முயற்சியைக் கண்டால் அவர் புன்னகை செய்வார்.

லுக்ரேத்தியுஸின் வாதம் அத்துணை வலிமையுடையதன்று. பிறப்பதற்கு முன் நாம் இல்லாதிருந்தோம், அதற்காக யாரும் அழுவதில்லை. இறந்தபின் இல்லாதிருப்பதற்கு ஏன் அழவேண்டும் என்பது அவ்வாதம். நாம் பிறப்பதற்கு முன் நம்மை இழந்தவர் எவருமில்லை, இறந்தபின் உண்டு. இவ்விரு வெறுமைகளும் ஒன்றெனத் தோன்றுவது தன்னை மட்டும் எண்ணிப் பார்ப்பவனுக்கே. ஹியூம் மணமாகாதவர், குழந்தைகளற்றவர். தம் அழிவைப் பற்றி அவர் கூறியதை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அவ்விதமே கூற அந்த மென்மையான மனிதர் துணிந்திருப்பாரோ என்பது ஐயமே. நம்பிக்கையற்றோரிடையிலும் எல்லாரும் இவ்வாதத்தை ஏற்றதில்லை. ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்க்கின் கிறிஸ்தவ மறுமையை ஏற்காதவர். எனினும் 1977-இல் வெளிவந்த தமது கவிதையொன்றில், உணர்வே இல்லாமற்போவதுதான் நாம் அஞ்சுவது என்று கூறி, இந்த ஆறுதலைத் தள்ளிவிட்டார்.

ஆயினும் நம் சிந்தனையைக் கட்டி நிறுத்தியது இவ்விரு வாதங்களுமல்ல. பாஸ்வெல்லின் குறிப்பில், மேற்கோளாக அதிகம் எடுத்தாளப்படாத ஒரு பகுதி உண்டு. அழியாமை உண்டென்றால் அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்றார் ஹியூம். அறிவு விளங்குமுன் மரிக்கும் குழந்தைகளும் அழியாதவர்களாக வேண்டும். காலை பத்து மணிக்குள் ஜின் குடித்து வெறிக்கும் சுமைகூலியும் அழியாதவனாக வேண்டும். ஒவ்வொரு காலத்தின் குப்பையையும் காத்துவைக்கவேண்டும். அத்தனை பேரை வைக்கப் புதிய உலகங்களையே படைக்கவேண்டியிருக்கும். பாஸ்வெல் இதற்கு, ஆவிக்கு இடம் தேவையில்லையே என்று விடையளித்தார்! இதைவிடப் பரிதாபமான மறுமொழியைக் கிறிஸ்தவன் ஒருவன் கூறியதாக நாம் படித்ததில்லை. ஹியூம் கேட்டது இடத்தைப் பற்றியா? அந்தச் சுமைகூலி என்றென்றைக்கும் வைத்துக்கொள்ளப்படத் தகுந்தவனா என்பதல்லவா கேள்வி?

பதினெட்டாம் நூற்றாண்டு எடின்பரோவில் அவரவர் முதுகில் நீரும் கரியும் ஏறும் மாடிப்படிகளை நாம் எண்ணிப் பார்க்கலாம். அப்படிகளை நாளெல்லாம் ஏறியிறங்கும் ஒருவன் காலையிலேயே குடிக்கிறான். அவன் பெயரை ஹியூம் கூறவில்லை. அவனுடைய வாழ்வு நிலைக்கத்தக்கதன்று என்பது அந்த அறைக்குள் இருந்த இருவருக்கும் வெளிப்படையான உண்மையாகத் தோன்றிற்று. இங்கே ஹியூமின் மறுப்பு இயற்கையை ஆராய்ந்து வந்த முடிவன்று. மனிதரின் மதிப்பைப் பற்றிய ஒரு தீர்ப்பு அதற்குள் மறைந்திருக்கிறது. கற்றவன், நாகரிகமானவன், நண்பர் சூழ்ந்தவன் ஆகியோர் மனநிறைவோடு விடைபெறலாம். அறுபத்தைந்து ஆண்டு நிறைவாழ்வு பெற்ற ஹியூமுக்கு மேலும் வேண்டுமென்ற ஆசை இல்லாதது இயல்பே. ஒன்றுமே பெறாமல் போனவனுக்கு அத்துடன் முடிந்தது என்று சொல்வது வேறு காரியம். பவுல் தம்மையும் உடனூழியரையும் உலகத்தின் குப்பை என்றே அழைத்துக்கொண்டார் (1 கொரி. 4:13). ஆபிரகாமின் தேவன் மரித்தோரின் தேவனல்ல என்று சதுசேயருக்கு ஆண்டவர் கூறிய விடையும் மனித ஆத்துமாவின் தன்மையைக் காட்டி எழுந்ததன்று. கடவுள் தாம் ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தவனைக் கைவிடுவதில்லை என்பதே அதன் அடிப்படை. உயிர்த்தெழுதலைக் குறித்த நம் நம்பிக்கை அந்தச் சுமைகூலியின் காரியத்தில்தான் நிற்கும் அல்லது விழும்.

இவ்விடத்தில் ஹியூமை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று. மோட்சமும் நரகமும் நல்லோர், தீயோர் என இரு வேறு இன மக்கள் இருப்பதாகக் கொள்கின்றன, பெரும்பாலோரோ இரண்டுக்கும் நடுவே மிதக்கின்றனர் என்றும், அற்பகாலக் குற்றத்துக்கு முடிவற்ற தண்டனை எவ்வாறு ஈடாகும் என்றும் அதே கட்டுரையில் அவர் கேட்கிறார். அவர் சுமைகூலிக்கு இடமில்லை என்றார். அவனுக்கு நித்திய அக்கினியில் மட்டும் இடமுண்டு என்று எத்தனை மேடைகளில் நாம் கூறியிருக்கிறோம்! இவ்விரண்டில் எது கொடியது என்று அவனையே கேட்டால், ஹியூமின் பக்கம் சாய்ந்தாலும் சாய்வான். கல்லூரியில் முடிவியல் பாடத்தில் இக்கேள்வியை எழுப்பும்போது மாணவர் சிலர் உடனே மத்தேயு 25-ஐ எடுக்கின்றனர். எடுக்கட்டும். ஆனால் அவ்வதிகாரத்தில் நியாயம் விசாரிக்கப்படுவது எந்தக் கொள்கையை ஒருவன் அறிக்கையிட்டான் என்பதன்று, பசித்தவனுக்கும் தாகமுள்ளவனுக்கும் அவன் என்ன செய்தான் என்பதே என்பதையும் அவர்கள் கவனிக்கட்டும்.

அந்த ஆசிரியரின் வீட்டிற்குச் சில வாரங்கள் கழித்துச் சென்றோம். வால்டேரைப் பற்றி அன்று கூறியதற்குத் தக்க ஆதாரமில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டோம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அண்ணனை நம் கல்லறைத் தோட்டத்தில் வைக்க இடம் கொடுக்கவில்லை ஐயா. வயலோரத்தில்தான் வைத்திருக்கிறோம். ஒரு தடவை வந்து பாருங்கள்" என்றார். உடன் சென்றோம். வரப்பை ஒட்டிய மண்மேட்டில் சிலுவையுமில்லை, பெயரெழுதிய கல்லுமில்லை. சற்றுத் தள்ளிக் கிணற்றடியில் அந்த மாடு கட்டியிருந்தது. ஜெபம் பண்ணும்படி அவர் கேட்கவில்லை. கேட்காதபோது ஜெபிப்பது இறந்தவருக்கு அவமதிப்பாகுமோ என்று நாமும் தயங்கி நின்றோம். பின்பு அவரே, "பேரையாவது சொல்லுங்கள் ஐயா" என்றார். சொன்னோம்.

அடுத்த ஞாயிறன்று மேடையிலேயே நம் தவற்றைத் திருத்திக் கூறினோம். சபைக் கமிட்டியாரில் இருவருக்கு அது பிடிக்கவில்லை.